இருக்கிற கோப்பை ‘இல்லை’ என்கிறதா? சிம்லிங்கும் கோப்புப் பாதையும் சிக்கும் இடங்கள்

ஒரு சின்னக் கடைக்கான இணையதளத்தை உபுண்டு சர்வரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிரலுக்கான அமைப்புக் கோப்பை எழுதியாயிற்று. அதைச் செயலுக்குக் கொண்டுவர ஒரு சிம்லிங்க், அதாவது அந்தக் கோப்பைக் காட்டும் குறிப்பு, போட வேண்டும், அவ்வளவுதான் மிச்சம். போட்டேன். எந்தப் புகாரும் இல்லாமல் டெர்மினல் அடுத்த வரிக்கு வந்தது. ஆனால் என்ஜின்எக்ஸைச் சோதித்தால், “அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை” என்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்துப் பார்த்தேன். பெயர் கண்ணெதிரே இருக்கிறது. சரி, மறுபடியும் போடுவோம் என்று அதே கட்டளையை அடித்தால், “அந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது” என்று மறுத்துவிட்டது.

ஒன்று இல்லை என்கிறது, இன்னொன்று இருக்கிறது என்கிறது. லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் நம்பிக்கை இழக்கிறார்கள். உண்மையில் இரண்டும் சரியாகவே சொல்கின்றன. எதைப் பற்றிச் சொல்கின்றன என்பதுதான் வேறு. அது புரிந்துவிட்டால், சிம்லிங்க் கொடுக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே அவிழ்த்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைகளை நாம் வாயால் சொல்கிறபடியே இங்கே எழுதுகிறேன்: எல்எஸ், எல்என், சிடி என்று. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

பூட்டிய கடையில் தொங்கும் பலகை

கடைத்தெருவில் பூட்டிய கடை ஒன்றின் கதவில் பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்: “இக்கடை எதிர்க் கட்டடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.” சிம்லிங்க் என்பது அந்தப் பலகைதான். அதில் சரக்கு எதுவும் கிடையாது. எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஒரே ஒரு வரி உண்டு. ஒரு நிரல் அந்தப் பெயரைத் திறக்க முயலும்போது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த வரியைப் படித்து, அது சொல்லும் இடத்துக்கு அனுப்பிவைக்கிறது.

இதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். இன்றைய உபுண்டு, டெபியன், ஃபெடோரா எதுவானாலும் இப்படி அடியுங்கள்:

எல்எஸ் -எல் /பின்

வரும் வரி ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கும். லிங்க் என்பதற்கான அடையாளம் அது. வரியின் கடைசியில் ஓர் அம்புக்குறியும், அதன் பின்னால் யுஎஸ்ஆர்/பின் என்ற பாதையும் இருக்கும். நடுவில், கோப்பின் அளவு வர வேண்டிய இடத்தில், 7 என்ற எண் நிற்கும். யுஎஸ்ஆர்/பின் என்பதை ஆங்கிலத்தில் எழுதி, சாய்கோட்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், சரியாக 7 எழுத்து. அதுதான் அந்தக் கோப்பின் மொத்தச் சொத்து. மேக் வைத்திருப்பவர்கள் /டிஎம்பி-யை இதே மாதிரி பார்த்தால், பிரைவேட்/டிஎம்பி என்ற வரியும் 11 என்ற எண்ணும் வரும்.

பலகையை மாட்டும்போது எதிர்க் கட்டடத்தில் உண்மையாகவே கடை இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. லிங்க் போடும் எல்என் கட்டளையும் அப்படித்தான். நம்பிக்கை வரவில்லை என்றால் இதைச் செய்து பாருங்கள்:

எல்என் -எஸ் வணக்கம் பலகை

‘வணக்கம்’ என்று உங்களிடம் எந்தக் கோப்பும் இல்லாமல் இருக்கலாம். அது பற்றி எல்என் கவலைப்படாது. ‘பலகை’ என்ற பெயரில் ஒரு லிங்கை உருவாக்கி, அதற்குள் வணக்கம் என்று எழுதிவைத்துவிடும். இப்போது கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டச் சொல்லி கேட் பலகை என்று அடித்தால் ‘இல்லை’ என்று வரும். வணக்கம் என்ற கோப்பு இல்லை என்று பொருள். மறுபடி எல்என் அடித்தால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று வரும்; பலகை என்ற லிங்க் இருக்கிறது என்று பொருள். எனக்கு அன்று கிடைத்த இரண்டு பதில்களும் இவைதான். ஒன்று பலகையைப் பற்றியது, மற்றது பலகை காட்டும் இடத்தைப் பற்றியது. இப்படி இடம் இல்லாமல் தொங்கும் லிங்கைப் பல டெர்மினல்கள் சிவப்பு நிறத்தில் காட்டும். ஒரு கோப்புறைக்குள் இருக்கும் அத்தகைய லிங்குகளை மொத்தமாகத் தேட, ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல் என்று அடிக்கலாம்.

(எல்எஸ் -எல் பலகை என்று பார்த்தால் அளவு 21 என்று காட்டும். வணக்கம் என்பது ஐந்தெழுத்துச் சொல் ஆயிற்றே என்று தோன்றும். அந்தக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன்.)

ஹார்ட் லிங்க் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது பலகை அல்ல, அதே கடைக்கு இன்னொரு வாசல். யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்ற எண் உண்டு. கோப்பின் பெயர் என்பது அந்த எண்ணுக்கு ஒட்டிய சீட்டு மட்டுமே. ஹார்ட் லிங்க் அதே எண்ணுக்கு இரண்டாவது பெயர் தருகிறது. ஆகவே ஒரு பெயரை அழித்தாலும் கோப்பு போகாது. ஆனால் அது ஒரு டிஸ்க் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டாது. கோப்புறைகளுக்கும் பொதுவாகப் போட முடியாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 1983-ல் வெளிவந்த 4.2பிஎஸ்டி, யூனிக்ஸ் உலகுக்குச் சிம்லிங்கைக் கொண்டுவந்தது. எந்த டிஸ்க்கையும் எந்தக் கோப்புறையையும் காட்டலாம் என்ற சுதந்திரம் கிடைத்தது. காட்டிய இடம் காணாமல் போகக்கூடும் என்ற நிலையும் கூடவே வந்தது.

‘எதிரே’ என்றால் எங்கிருந்து எதிரே?

இனி அந்த என்ஜின்எக்ஸ் சிக்கலுக்கு வருகிறேன். தொடக்கக்காரர்கள் அதிகம் விழும் குழி இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உபுண்டுவில் /இடிசி/என்ஜின்எக்ஸ் என்ற கோப்புறைக்குள் இரண்டு கோப்புறைகள் இருக்கும். சைட்ஸ்-அவைலபிள் என்பதில் எல்லாத் தளங்களின் அமைப்புக் கோப்புகளும் கிடக்கும். சைட்ஸ்-எனேபில்டு என்பதில் இப்போது ஓட வேண்டியவற்றுக்கு மட்டும் லிங்க் போட்டு வைப்போம். நான் /இடிசி/என்ஜின்எக்ஸ்-க்குள் நின்றுகொண்டு இப்படி அடித்திருந்தேன்:

எல்என் -எஸ் சைட்ஸ்-அவைலபிள்/கடை சைட்ஸ்-எனேபில்டு/

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சைட்ஸ்-அவைலபிள்/கடை என்ற பாதை சரியானதுதான். டேப் விசையை அழுத்தித்தான் அந்தப் பெயரையே நிரப்பினேன். ஆனால் லிங்கைப் படிக்கிறவர் நான் நின்ற இடத்தில் நிற்கப்போவதில்லை. பலகையில் ‘எதிரே’ என்று எழுதியிருந்தால், பலகை தொங்கும் வாசலுக்கு எதிரே என்றுதான் அர்த்தம். எழுதியவர் வீட்டுக்கு எதிரே என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கெர்னலும் அதே மாதிரி, லிங்க் இருக்கும் கோப்புறையிலிருந்துதான் நடக்கத் தொடங்கும். லிங்க் இருப்பது சைட்ஸ்-எனேபில்டுக்குள். எனவே அது தேடிய இடம் இது:

/இடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-எனேபில்டு/சைட்ஸ்-அவைலபிள்/கடை

அப்படி ஓர் இடமே கிடையாது. சரியாக எழுதியிருந்தால் ../சைட்ஸ்-அவைலபிள்/கடை என்று ஒரு படி மேலே ஏறிப் போகச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் /இடிசி-யிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்திருக்க வேண்டும்.

இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். லிங்க் எங்கே இருக்க வேண்டுமோ அந்தக் கோப்புறைக்குள் முதலில் சிடி செய்து போய்விடுவேன். அங்கிருந்து எல்எஸ் ../சைட்ஸ்-அவைலபிள்/கடை என்று பார்ப்பேன். கோப்பு தெரிந்தால் அதே பாதையை அப்படியே எல்என்-க்குக் கொடுப்பேன். நான் நிற்கும் இடமும் லிங்க் நிற்கும் இடமும் ஒன்றாகிவிடுவதால் பிழைக்கு வழியே இல்லை. லினக்ஸில் எல்என் -எஸ்ஆர் என்று அடித்தால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கொடுத்த பாதையை லிங்கின் இடத்துக்கு ஏற்றபடி அதுவே கணக்குப் போட்டு மாற்றி எழுதிக்கொள்ளும். அதுவும் நல்ல வழி.

எது முதலில், எது பின்னால் என்பதிலும் பலருக்குக் குழப்பம் வரும். நகலெடுக்கும் சிபி கட்டளையை நினைத்துக்கொண்டால் போதும். இருப்பது முதலில், புதிதாக வருவது அப்புறம். எல்என்-னிலும் அதே வரிசைதான்.

அப்படியானால் முழுப் பாதையே கொடுத்துவிடலாமே?

நியாயமான கேள்வி. சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்தால் லிங்கை எங்கே தூக்கி வைத்தாலும் வேலை செய்யும். சர்வர் அமைப்புகளுக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் /பின் என்ற லிங்கைச் செய்தவர்கள் /யுஎஸ்ஆர்/பின் என்று எழுதாமல் முன்சாய்கோடு இல்லாமல் யுஎஸ்ஆர்/பின் என்று எழுதியிருக்கிறார்கள், கவனித்தீர்களா? அதற்குக் காரணம் இருக்கிறது.

கணினி பூட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, கெட்டுப்போன டிஸ்க்கை /எம்என்டி என்ற இடத்தில் மவுன்ட் செய்து, அதாவது இணைத்து, பார்க்கிறீர்கள். இப்போது பழைய டிஸ்க்கின் லிங்க் /எம்என்டி/பின் என்ற இடத்தில் இருக்கிறது. அதில் யுஎஸ்ஆர்/பின் என்று எழுதியிருப்பதால் /எம்என்டி/யுஎஸ்ஆர்/பின்-க்குப் போகும். அதாவது பழைய டிஸ்க்குக்குள்ளேயே. முழுப் பாதை எழுதியிருந்தால்? பென்டிரைவின் /யுஎஸ்ஆர்/பின்-க்குப் போயிருக்கும். பழைய டிஸ்க்கைப் பார்க்கிறோம் என்று நினைத்து வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

“காந்தி சாலை, 14ஆம் எண்” என்று பலகையில் எழுதினால் அது முழு முகவரி மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தப் பலகையைக் கழற்றி இன்னொரு ஊரில் மாட்டினால், படிக்கிறவர் அந்த ஊர்க் காந்தி சாலைக்குத்தான் போவார். காந்தி சாலை இல்லாத ஊர் ஏது? நிரல்களைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓடவிடும் டாக்கர் கன்டெய்னருக்குள் நடப்பது இதுவேதான். வெளியே உங்கள் கணினியில் நன்றாக வேலை செய்யும் லிங்க், அந்தக் கோப்புறையைக் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்ததும் உடைந்துபோகும். கன்டெய்னருக்குத் தனியான / உண்டு. உங்கள் /ஹோம் அங்கே இல்லை. அதைவிட மோசம், அதே பெயரில் வேறு ஏதாவது இருந்து சத்தமில்லாமல் அதைத் திறந்துவிடுவது.

ஆகவே நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. லிங்கும் அது காட்டும் கோப்பும் ஒரே குடும்பமாக, ஒன்றாகவே இடம் மாறுபவை என்றால், முன்சாய்கோடு இல்லாத சார்புப் பாதை. காட்டும் கோப்பு ஓரிடத்தில் நிலையாக இருந்து, லிங்க் மட்டும் எங்கெங்கோ இருக்கும் என்றால் முழுப் பாதை.

~ குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கெர்னலுக்குத் தெரியாத மொழி. நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓடவைக்கும் பாஷ் போன்ற ஷெல்தான் அதை உங்கள் ஹோம் கோப்புறையாக மாற்றிக் கொடுக்கிறது. மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால் ஷெல் அதைத் தொடாது. அப்படிப் போட்ட லிங்கை எல்எஸ் -எல் பார்த்தால் அம்புக்குறிக்குப் பின்னால் ~ என்றே நிற்கும், அது எந்த இடத்துக்கும் போகாது. இதே தவறில் சிலருக்கு ~ என்ற பெயரிலேயே ஒரு கோப்புறை உருவாகிவிடும். அதை அழிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து நிதானமாக ஆர்எம் -ஆர் ./~ என்று முன்னால் ./ சேர்த்து அடியுங்கள். அதை விட்டுவிட்டால் அழிவது உங்கள் ஹோம் கோப்புறை முழுவதும்.

இரண்டு புள்ளியின் இரட்டை வேடம்

இது கொஞ்சம் நுட்பமான விஷயம். ஆனால் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது.

உங்கள் ஹோம் கோப்புறையில் ‘பதிவு’ என்ற பெயரில் ஒரு லிங்க் போட்டு, அதை /வார்/லாக்-க்குக் காட்டுங்கள். அப்புறம் சிடி பதிவு என்று உள்ளே போங்கள். டெர்மினல் நீங்கள் ~/பதிவு என்ற இடத்தில் இருப்பதாகக் காட்டும். இப்போது எல்எஸ் .. என்று அடியுங்கள். உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ளவை வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வராது. /வார்-க்குள் இருப்பவை வரும். சரி என்று சிடி .. அடியுங்கள். /வார்-க்குப் போக வேண்டும் அல்லவா? போகாது. ஹோம் கோப்புறைக்கே திரும்பி வந்திருப்பீர்கள்.

ஒரே இரண்டு புள்ளி, இரண்டு அர்த்தம். நடப்பது இதுதான்: நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்பதை ஷெல் நினைவில் வைத்துக்கொள்கிறது. சிடி ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. அது அந்த நினைவிலிருந்து கடைசிப் பெயரை வெட்டிவிட்டு மேலே போகிறது. எல்எஸ், சிபி போன்றவை தனி நிரல்கள். அவை .. என்பதை நேராகக் கெர்னலிடம் கொடுக்கின்றன. கெர்னலுக்கு நீங்கள் வந்த வழி தெரியாது, நீங்கள் நிற்கும் உண்மையான இடம்தான் தெரியும். அது /வார்/லாக், அதன் பெற்றோர் /வார்.

பார்க்கும்வரை பரவாயில்லை. சிபி அறிக்கை .. என்று ஒரு கோப்பை மேலே நகலெடுத்தால் அது ஹோமில் வந்து விழாது. /வார்-க்குள் எழுத முயலும், அனுமதி இல்லை என்று மறுப்பு வரும். எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக இருந்தால் மறுப்பும் வராது, கோப்பு அங்கே போய் உட்கார்ந்துவிடும். சந்தேகம் வரும்போது பிடபிள்யூடி -பி என்று அடியுங்கள் (பி பெரிய எழுத்து). நீங்கள் உண்மையில் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும். சிடி -பி என்று அதே பெரிய எழுத்தோடு உள்ளே போனால், தொடக்கத்திலேயே உண்மையான இடத்தின் பெயரோடு போவீர்கள், குழப்பமே எழாது.

மேக்கில் சோதனை நிரல்கள் தோற்பதற்கும் இதுவே காரணமாக இருப்பதுண்டு. நிரல் /டிஎம்பி-யில் ஒரு கோப்பை உருவாக்குகிறது, கணினியைக் கேட்டால் /பிரைவேட்/டிஎம்பி என்று பதில் வருகிறது. இரண்டையும் வெறும் எழுத்துகளாக ஒப்பிட்டால் ஒன்றல்ல என்றுதான் வரும். ஒப்பிடும் முன் இரண்டையும் ரியல்பாத் வழியாக உண்மைப் பாதையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

தன் பக்கத்தில் இருக்கும் கோப்புகளைத் தேடும் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கும் இதே கதைதான். ~/பின்-னில் லிங்க் போட்டு அழைத்தால், ஸ்கிரிப்ட் தன் வீடு ~/பின் என்று நினைத்துக்கொள்ளும். தன் பெயரை முதலில் ரீட்லிங்க் -எஃப் வழியாகத் தீர்த்துக்கொண்டால் சரியாகிவிடும். பழைய மேக்குகளில் மட்டும் அந்த -எஃப் கிடையாது.

மாற்றினேன், மாறவில்லை

தளத்தின் புதிய பதிப்பை வெளியிடும்போது பலரும் செய்வது இது: வெளியீடு-1, வெளியீடு-2 என்று கோப்புறைகள். ‘நடப்பு’ என்ற லிங்க் இப்போதைய பதிப்பைக் காட்டும். புதியது தயாரானதும் லிங்கை மட்டும் திருப்பிவிடலாம். அழகான முறை. திருப்புவதற்கு இப்படி அடிக்கிறார்கள்:

எல்என் -எஸ்எஃப் வெளியீடு-2 நடப்பு

எஃப் என்றால் இருப்பதைத் தள்ளிவிட்டுப் போடு என்று பொருள். பிழை எதுவும் வராது. ஆனால் தளத்தைத் திறந்தால் பழைய பதிப்பே ஓடும். ஏன்? ‘நடப்பு’ ஒரு கோப்புறையைக் காட்டும் லிங்க். எல்என் அதன் வழியாக உள்ளே போய், “ஓ, இது கோப்புறை, இதற்குள் லிங்க் வைக்கச் சொல்கிறார்” என்று எடுத்துக்கொள்கிறது. வெளியீடு-1-க்குள் வெளியீடு-2 என்ற பெயரில் ஒரு லிங்க் முளைத்துவிடும். அதில் எழுதியிருப்பதும் வெளியீடு-2. லிங்க் இருக்கும் கோப்புறையிலிருந்துதான் நடக்கத் தொடங்க வேண்டும் என்று பார்த்தோமே, அப்படி நடந்தால் அது தன்னைத்தானே காட்டிக்கொண்டு நிற்கும். அதைத் திறக்க முயன்றால் “சிம்லிங்க் அடுக்குகள் மிக அதிகம்” என்ற பிழை வரும்.

சுற்றிச் சுற்றி வராமல் இருக்க லினக்ஸ் ஒரு பாதையைத் தீர்க்கும்போது 40 சிம்லிங்குகளுக்கு மேல் பின்தொடராது. மேக்கில் அந்த எல்லை 32. இந்தப் பிழையைப் பார்த்தால் உண்மையிலேயே 40 லிங்க் இருக்கிறது என்று தேட வேண்டாம். அநேகமாக ஒன்று தன்னையே காட்டிக்கொண்டிருக்கும், அல்லது இரண்டு ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருக்கும்.

சரியான கட்டளை எல்என் -எஸ்எஃப்என். அந்த என், ‘லிங்குக்குள் போகாதே, அதையே மாற்று’ என்று சொல்கிறது. ஒரே ஓர் எழுத்துதான், ஆனால் வெளியீட்டு நாளில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

லிங்கை அழிக்கும்போதும் ஒரு சிறு எழுத்து கவனத்துக்குரியது. ஆர்எம் நடப்பு என்றால் பலகை மட்டும் போகும். நடப்பு/ என்று பின்னால் சாய்கோடு வைத்துவிட்டால், ‘பலகை காட்டும் கடைக்குள்’ என்று அர்த்தம் மாறிவிடுகிறது. அதோடு ஆர்எம் -ஆர் சேர்ந்தால் உண்மையான கோப்புறைக்குள் இருப்பவை அழிந்துபோகலாம். டேப் விசை சில சமயம் அந்தச் சாய்கோட்டைத் தானே சேர்த்துவிடும். என்டர் தட்டும் முன் வரியின் கடைசியைப் பாருங்கள். லிங்கை மட்டும் அழிக்க அன்லிங்க் என்ற கட்டளையும் இருக்கிறது, சாய்கோடு இருந்தால் அது மறுத்துவிடும்.

வழியில் யார் தடுக்கிறார்கள்?

லிங்க் சரி, கோப்பும் இருக்கிறது, ஆனாலும் ‘அனுமதி இல்லை’ என்று வரும் சமயங்கள் உண்டு. லிங்கின் அனுமதிகளைப் பார்த்துப் பயனில்லை. லினக்ஸில் அவை எப்போதும் எல்லோருக்கும் திறந்தே தெரியும். பார்க்க வேண்டியது பாதையில் வரும் ஒவ்வொரு கோப்புறையும். ஒரு கோப்புறையைக் கடந்து உள்ளே போக அதன் மேல் ‘எக்ஸ்’ அனுமதி வேண்டும். கோப்புக்கு எல்லா அனுமதியும் கொடுத்திருந்தாலும், நடுவில் ஒரே ஒரு கோப்புறை பூட்டியிருந்தால் போக முடியாது.

உபுண்டு 21.04-லிருந்து புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகளை மற்றவர்கள் கடக்க முடியாதபடி 750 என்ற அனுமதியோடு உருவாக்குகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் ஹோமுக்குள் இணையதளத்தை வைத்து, வெளியிலிருந்து லிங்க் போடும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வெப் சர்வர் வேறு பயனராக ஓடுகிறது, அதனால் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த கருவி நேம்ஐ. நேம்ஐ -எல் என்று அடித்து முழுப் பாதையைக் கொடுத்தால், / தொடங்கிக் கடைசிக் கோப்பு வரை ஒவ்வொரு படியையும் தனித்தனி வரியாகக் காட்டும். எங்கே லிங்க், அது எங்கே போகிறது, அந்தப் படியின் சொந்தக்காரர் யார், அனுமதி என்ன என்று அத்தனையும் ஒரே பார்வையில். டெபியன், உபுண்டுவில் ஜாவா போன்றவை /யுஎஸ்ஆர்/பின்-னிலிருந்து /இடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸ் வழியாக உண்மையான இடத்துக்கு லிங்குக்கு மேல் லிங்காகப் போகும். அதையும் இதில் படிப்படியாகப் பார்க்கலாம்.

ரூட்டாக இருந்தும் /டிஎம்பி-யில் உள்ள இன்னொருவரின் லிங்கைத் திறக்க முடியவில்லையா? அது பிழையல்ல, பாதுகாப்பு. /டிஎம்பி-யில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், ஏமாற்று லிங்க் வைத்து ரூட்டை முக்கியமான கோப்பின் மேல் எழுதவைக்கும் தாக்குதல்கள் முன்பு நடந்தன. 2012-ல் வந்த லினக்ஸ் 3.6-ல் அதைத் தடுக்கும் வசதி சேர்ந்தது.

நகலெடுக்கும்போது லிங்க் என்ன ஆகும் என்பது கருவிக்குக் கருவி மாறும். லினக்ஸின் சிபி -ஆர் லிங்கை லிங்காகவே எடுத்துப் போகும். ஜிப் இயல்பாக உண்மைக் கோப்பையே உள்ளே வைக்கும். நிரல்களின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கிட், லிங்கில் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் சேமிக்கும். அதனால்தான் விண்டோஸில் சில சமயம் கிட் இறக்கிய லிங்கைத் திறந்தால், உள்ளே ஒரே ஒரு பாதை எழுதிய சாதாரண உரைக்கோப்பு கிடைக்கும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பலகையை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்த மாதிரி.

தமிழில் பெயர் வைத்தால்

இப்போது அந்த 21-க்கு வருகிறேன். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு, வைத்தும் வருகிறேன். யூனிக்ஸ் அதைத் தடுப்பதில்லை. ஆனால் கோப்பின் பெயர் என்பது கெர்னலுக்கு எழுத்துகள் அல்ல, பைட்டுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். வணக்கம் என்பது நமக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் புள்ளிகளைத் தனியே எண்ணுவதால் 7 குறியீடு. 7-ஐ 3-ஆல் பெருக்கினால் 21. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியீடு. நீளமான கட்டுரைத் தலைப்பை அப்படியே பெயராக வைத்துச் சேமிக்கப் போனால் “பெயர் மிக நீளம்” என்று வருவது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ‘கோப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாக ‘ோ’ என்று வைக்கலாம், அல்லது இரட்டைக்கொம்பு ‘ே’ ஒன்றும் கால் ‘ா’ ஒன்றும் என்று இரண்டாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் அந்தச் சொல் 18 பைட், இரண்டாவதில் 21 பைட். லினக்ஸுக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பழைய மேக்குகள் பயன்படுத்திய எச்எஃப்எஸ்+ கோப்பு முறை இத்தகைய குறிகளைப் பிரித்தே சேமிக்கும். அங்கே டார் கட்டளையால் கட்டிய மூட்டையை லினக்ஸில் பிரித்தால், கோப்பு இருக்கும், எல்எஸ் காட்டும், ஆனால் நீங்கள் விசைப்பலகையில் அடிக்கும் ‘கோப்பு’ அதற்குப் பொருந்தாது. உங்கள் லிங்கில் எழுதிய பெயரும் பொருந்தாது. பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், லிங்க் மட்டும் சிவப்பில் நிற்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி எண்ணுவதுதான். அந்தக் கோப்பு மட்டும் இருக்கும் கோப்புறைக்குள் எல்எஸ் | டபிள்யூசி -சி என்று அடியுங்கள். வரி முடிவுக்கு ஒன்றைச் சேர்த்து 19 வந்தால் சேர்த்து எழுதிய பெயர், 22 வந்தால் பிரித்து எழுதியது. பிரிந்த பெயர்களையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துவிட கான்வ்எம்வி என்ற சிறு கருவி உண்டு. அதற்கு யுடிஎஃப்-8, என்எஃப்சி (சேர்த்து எழுதும் வடிவம்) என்று சொல்லிவிட்டால் முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்டும். நோடெஸ்ட் என்ற தெரிவைச் சேர்த்த பிறகுதான் உண்மையாக மாற்றும். அந்த ஒத்திகையைப் பொறுமையாகப் படித்துவிட்டு ஓடவிடுங்கள்.

எந்தக் கருவியாலும் தீராதது ஒன்று மிச்சம் இருக்கிறது. மௌனம் என்று ஒருவர் எழுதுவார், மெளனம் என்று இன்னொருவர் எழுதுவார். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் எகரக் கொம்பும் ளகர எழுத்தும். பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. யூனிகோடின் கணக்கில் இவை ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள் அல்ல, இரண்டு வேறு சொற்கள். அதனால் குறிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கருவி எதுவும் இதைத் தொடாது. இப்படி ஒரு பெயரில் லிங்க் உடைந்து நின்றால், எல்எஸ் காட்டும் பெயரை டெர்மினலிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டி லிங்கைப் போடுங்கள், அல்லது டேப் விசையை நிரப்ப விடுங்கள். அப்புறம் எம்வி கொண்டு அந்தக் கோப்புக்குச் சரியான ஔகாரத்தோடு புதுப் பெயர் வைத்துவிட்டு, எல்என் -எஸ்எஃப்என் கொண்டு லிங்கை அதற்குத் திருப்பிவிடலாம்.